அறியாமல் செய்த வினை

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது வடிந்து சிறுகுடலுக்குப் போகும் பொதுப் பித்தநாளத்தின் அகலம் ஆறேழு மில்லிமீட்டர்தான். பித்தப்பையிலிருந்து நழுவி வந்த ஒரு கல் அதில் சிக்கினால் வழி அடைபடும். குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் தேங்கிய பித்தநீரில் பெருகும். நாளத்துக்குள் அழுத்தம் ஏறி ஓர் அளவைத் தாண்டியதும் கிருமிகள் கல்லீரல் வழியே பின்னோக்கி ரத்தத்துக்குள் தள்ளப்படும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள், வலது விலாவுக்குக் கீழே வலி என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-ல் எழுதிவைத்த மூன்று அடையாளங்கள் இன்றும் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. இவற்றோடு ரத்த அழுத்தம் விழுந்து நினைவும் தடுமாறினால் மணிக்கணக்கில்தான் அவகாசம். உடனே ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள். ஏற்றத்தான் வேண்டும்.

ஆனால் அந்த மருந்து பித்தநாளத்தோடு நின்றுவிடுவதில்லை. ரத்தத்தில் கலந்தது உடலெங்கும் போகிறது. குடலில் கோடானுகோடியாக வாழும் பாக்டீரியாக்களையும் தொடுகிறது. மருந்துக்கு அடங்குபவை சாகின்றன. அடங்காத சில மிஞ்சுகின்றன. காலியான இடத்தில் அவை பெருகுகின்றன. எதிர்ப்புத் திறனைத் தரும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் எனப்படும் தனி வளையங்களில் இருப்பதால் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்கு, சில சமயம் வேறோர் இனத்துக்கே தாவிவிடுகின்றன. நோயாளி குணமாகி வீடு திரும்புகிறார். அவர் குடலில் வளர்ந்த கிருமி கழிவுநீரோ, மருத்துவமனைக் கட்டிலோ, கழுவாத ஒரு கையோ, ஏதோ ஒரு வழியில் வேறொருவரைச் சென்றடைகிறது. பிறகு என்றாவது அந்த இன்னொருவரின் பித்தநாளம் அடைபடும்போது, முதலாமவரைக் காப்பாற்றிய மருந்து அவரிடம் பலிப்பதில்லை. 2019-ல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றின் நேரடி விளைவாக இறந்தார்கள் என்று 2022-ல் லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. இந்த இறப்புகள் யாருடைய வினை? செய்தவனே பலனை அனுபவிப்பான் என்றுதான் வினைக் கோட்பாட்டை நாம் பொதுவாகப் புரிந்துவைத்திருக்கிறோம். இங்கே செய்தவர் பிழைத்துப்போகிறார். அனுபவிப்பவர் அவரைக் கண்ணால்கூடப் பார்க்காதவர். மறுபிறவிக் கணக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கணக்கு எப்போது தீரும் என்பதற்கு முன்பு, யார் பெயரில் அதை எழுதுவது என்ற கேள்வி நிற்கிறது.

இக்கேள்விக்கு முதலில் தீர்ப்பு எழுதிப்பார்த்தவர் பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1945 டிசம்பரில் நோபல் உரையின் முடிவில் அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். தொண்டை வலி வந்த ஒருவர் தாமாகப் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். அவர் தொண்டையிலிருந்த கிருமிகள் சாகாமல் மருந்துக்குப் பழகிவிடுகின்றன. அவை மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகின்றன. பெனிசிலின் கொடுத்தும் மனைவி இறக்கிறார். இந்தச் சாவுக்கு முதல் பொறுப்பு கணவரே என்றார் ஃபிளெமிங். எனக்கு இந்தத் தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. அந்த மனிதருக்கு எதுவும் தெரியாது. மனைவியைக் கொல்ல அவர் நினைக்கவில்லை, தொண்டை வலி போகவேண்டும் என்றுதான் நினைத்தார். தெரியாமல் செய்ததைக் கொலைக் கணக்கில் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது என்றால், இறந்த பெண்ணுக்கு யாருமே பதில் சொல்ல வேண்டியதில்லையா?

இந்த வழக்கு பழையது. பௌத்தர்களின் மச்சிம நிகாயத்தில் உபாலி சுத்தம் என்றொரு பகுதி உண்டு. மகாவீரரின் இல்லற சீடராகிய உபாலி நாளந்தாவில் புத்தரோடு வாதிட வருகிறார். தீவினைகளில் கனமானது எது என்பதுதான் வாதம். உடலால் செய்வதே கனம் என்பது நிகண்டர்கள், அதாவது சமணர்கள் கட்சி. மனத்தால் செய்வதே கனம் என்பது புத்தர் கட்சி. பௌத்த நூல் என்பதால் புத்தர் வெல்கிறார், உபாலி கட்சி மாறுகிறார். சமணர்கள் தங்கள் நூலில் இதற்குத் திருப்பிக் கொடுத்தார்கள். சூத்திரகிருதாங்கத்தில் வரும் ஒரு பௌத்தர், குழந்தை என்று எண்ணிச் சுரைக்காயைக் குத்தினால் அது பாவம், சுரைக்காய் என்று எண்ணிக் குழந்தையையே வாட்டினாலும் பாவமில்லை என்று வாதிடுவதாக அந்நூல் காட்டுகிறது. எதிராளியின் கருத்தை மிகைப்படுத்திக் காட்டியதாக இருக்கலாம். ஆனாலும் குறி தப்பவில்லை. நினைப்பு ஒன்றே வினையின் அளவுகோல் என்றால், நல்ல நினைப்போடு விளையும் எந்தப் பேரழிவுக்கும் கணக்கே இல்லை.

ஆன்டிபயாடிக் விஷயத்தில் நினைப்பின் அளவுகோல் முழுதாக உடைந்துபோகிறது. மருத்துவரின் நோக்கம் நல்லது. நோயாளியின் நோக்கமும் அதுவே. சீட்டில்லாமல் மாத்திரை கொடுக்கும் கடைக்காரர்கூட, டாக்டர் ஃபீஸ் கட்ட வழியில்லாதவருக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார். இவ்வளவு நல்ல மனங்களிலிருந்து வந்து சேர்ந்ததுதான் 12.7 லட்சம் சாவு. சரி, விளைவை வைத்தே எடைபோடலாம் என்றால் அதுவும் நிற்காது. எதிர்ப்புத் திறன் வளர ஒவ்வொரு வேளை மருந்தும் ஏதோ ஓரளவு இடம் கொடுக்கிறது. செத்துக்கொண்டிருந்தவரை எழுப்பிய முதல் ஊசியும் அதில் சேர்த்தி. விளைவே வினை என்றால் உயிர் காத்த கையும் கொலைகாரக் கை ஆகிவிடும். எல்லோரும் குற்றவாளி என்றானால் அந்தச் சொல்லுக்கே பொருள் இருக்காது.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று சமணத்துக்குள்ளேயே விளைந்தது. தமிழ்ச் சமணர்கள் சமண ஆசாரியர் குந்தகுந்தரை வந்தவாசிக்கு அருகில் உள்ள பொன்னூர் மலையோடு சேர்த்துப் போற்றுகிறார்கள். அவருடைய பிரவசனசாரம் சொல்வது இது: உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி நடந்தவனுக்குக் கொலைக் குற்றம் உறுதி, கவனத்தோடு நடந்தவன் காலடியில் ஓர் உயிர் அகப்பட்டு இறந்தாலும் அந்த இறப்பு அவனைப் பந்திக்காது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இதையே இலக்கணமாக்குகிறது. பிரமாதத்தோடு, அதாவது விழிப்பற்ற நிலையில், உயிருக்குச் செய்யும் தீங்கே அங்கு இம்சை எனப்படுகிறது. இதன்படி வினையை நிறுக்கும் தராசில் வைக்க வேண்டியது நோக்கமும் அல்ல, விளைவும் அல்ல. பார்க்க முடிந்ததைப் பார்த்தாயா, தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொண்டாயா என்பதுதான் அங்கே கேள்வி. மருந்துக்கு அடங்காத கிருமியால் வரும் சாவுக்குப் பொறுப்பை அளக்க இதைவிடப் பொருத்தமான கோல் எனக்குத் தெரியவில்லை. பித்தநாளத் தொற்றின் சிகிச்சை வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

அடைபட்ட பித்தநாளத்தில் மருந்து எங்கே தோற்கிறது என்று பார்க்கலாம். பித்தநீர் ஓடாதபோது அதன் வழியே வரவேண்டிய ஆன்டிபயாடிக்கும் அங்கே போதிய அளவு போய்ச் சேர்வதில்லை. சீழ் தேங்கிய இடம் மருந்துக்கு எட்டாத இடமாகிவிடுகிறது. அடைப்பைத் திறந்து வடிய விட்டால்தான் நோய் தணியும். ஹாங்காங்கில் கல்லடைப்பால் கடும் தொற்றுக்கு ஆளான 82 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆய்வு 1992-ல் வெளியானது. வயிற்றைத் திறந்து அறுவை செய்யப்பட்டவர்களில் 32 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். எண்டோஸ்கோபி வழியாக வடிகால் அமைக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 10 சதவீதம். இந்த வித்தியாசம் மருந்தால் வந்தது அல்ல, வழி திறந்த முறையால் வந்தது. ஐரோப்பிய எண்டோஸ்கோபிச் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், நிலைமை தீவிரமாக இருந்தால் 12 மணி நேரத்துக்குள் வடிகால் அமைக்கச் சொல்கிறது. வடிகாலைத் தள்ளிப்போட்டு, காய்ச்சல் குறைகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒன்றைவிட வீரியமான இன்னொரு மருந்தாக ஏற்றிக்கொண்டு போகும்போது, செய்யாமல் விட்ட ஒரு வேலையின் இடத்தை மருந்து நிரப்புகிறது. அப்படி ஏற்றிய மருந்து சீழை எட்டவில்லை. ஆனால் குடலை எட்டிவிட்டது.

வழி திறந்த பிறகு எத்தனை நாள்? வயிற்றுக்குள் சிக்கலான தொற்று ஏற்பட்டு, அந்தத் தொற்றின் மூலகாரணம் சரிசெய்யப்பட்ட 518 பேரிடம் வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015-ல் வந்தது. ஒரு சாராருக்கு ஏறக்குறைய நான்கு நாள் மருந்து. மறு சாராருக்கு அறிகுறிகள் நீங்கும்வரை, பெரும்பாலும் எட்டு நாள் அளவுக்கு. மறு தொற்று, அறுவைப் புண் தொற்று, மரணம் எல்லாம் சேர்த்து எண்ணியபோது முதல் பிரிவில் 21.8 சதவீதம், இரண்டாவதில் 22.3 சதவீதம். கூடுதல் நாட்களின் மருந்து நோயாளிக்கு எதையும் வாங்கித் தரவில்லை. 2018-ல் வந்த டோக்கியோ வழிகாட்டுதலும் பித்தநாள அடைப்பு நீங்கிய பின் 4 முதல் 7 நாள் போதும் என்கிறது. ரத்தத்தில் என்டரோகாக்கஸ் போன்ற சிலவகைக் கிருமிகள் இருந்தால் மட்டும் இரண்டு வாரம். எடுத்த பித்தநீரைக் கல்ச்சர் எனப்படும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பவும் அது சொல்கிறது. ஆக, ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே கட்டில். முதல் நாள் ஏற்றியதும் பத்தாம் நாள் ஏற்றியதும் ஒரே வினை அல்ல. முதல் நாள் மருந்தில் படுத்திருப்பவரின் உயிர் இருக்கிறது. அதன் பக்கவிளைவாக எங்கோ ஒரு கிருமி வலுத்தாலும், குந்தகுந்தர் சொன்ன கவனமுள்ளவனின் காலடிக்குச் சமம் அது. பத்தாம் நாள் மருந்தைக் காரணமில்லாமல் தொடர்ந்தவர், யாருக்கும் எதுவும் ஆகாமல் போனாலும், கவனம் தவறியவர்தான்.

இந்த அளவுகோல் ஆட்களைப் பிரித்துக் காட்டவும் செய்கிறது. வடிகால் அமைக்கும் கருவியான டியோடினோஸ்கோப்பின் நுனியில், கம்பியைத் தூக்கிப் பிடிக்க ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதன் பின்னால் உள்ள இடுக்குக்குள் பிரஷ் சரியாகப் போகாது. ஒரு நோயாளியின் குடல் கிருமி அந்த இடுக்கில் ஒட்டிக்கொண்டு அடுத்தவரின் பித்தநாளத்துக்குள் நேராகப் போய் இறங்கிய சம்பவங்கள் 2012-க்குப் பிறகு சியாட்டில், லாஸ் ஏஞ்சலஸ், ராட்டர்டாம் எனப் பல ஊர்களில் வெளிப்பட்டன. 2016 ஜனவரியில் வந்த அமெரிக்க செனட் அறிக்கை, 2012 முதல் 2015 வரை உலகெங்கும் குறைந்தது 25 நிகழ்வுகளில் குறைந்தது 250 பேர் இப்படி மருந்துக்கு அடங்காத தொற்றுக்கு ஆளானதாகக் கணக்கிட்டது. இங்கே கருவியைக் கழுவிய ஊழியர்கள் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த முறைப்படி ஒவ்வொரு படியையும் செய்து முடித்த இடங்களிலும் தொற்று பரவியது. விளைவை வைத்துப் பார்த்தால் அவர்கள் கையால்தான் கிருமி கடந்தது. பிரமாதத்தை வைத்துப் பார்த்தால் அவர்கள்மேல் பழி இல்லை. கருவியைத் தயாரித்த ஜப்பானிய நிறுவனமோ, ஐரோப்பாவில் தொற்று பரவியதைத் தெரிந்த பிறகும் உரிய அறிக்கைகளை அமெரிக்க அதிகாரிகளுக்கு உரிய காலத்தில் தரவில்லை என்ற குற்றத்தை 2018-ல் ஒப்புக்கொண்டு, 8.5 கோடி டாலர் கட்டியது. யாரையும் கொல்லும் எண்ணம் அந்த நிறுவனத்துக்கும் இருந்திருக்காது. தெரிந்ததைச் சொல்லவில்லை என்பதுதான் வழக்கு. நவீன நீதிமன்றம் ஒன்று, தான் அறியாமலே, சமணர்களின் இலக்கணத்தைப் பின்பற்றியிருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு மருத்துவர்களிடமிருந்து வரும். எதிரில் படுத்திருப்பவருக்குத்தான் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். பிறக்கப்போகும் நோயாளிக்காக இவரிடம் மருந்தைச் சிக்கனம் செய்வது துரோகம் என்பார்கள். இது சாக்குப்போக்கு அல்ல. ரத்தத்தில் புகுந்த எதிர்ப்புத் திறனுள்ள ஈ.கோலை, கிளெப்சியெல்லாவுக்கு, கடைசிக் கட்ட மருந்தான மெரோபெனத்தைச் சேமித்துவைத்துவிட்டு, அடுத்த படியில் உள்ள பைபராசிலின்-டாசோபாக்டத்தைக் கொடுத்தால் போதாதா என்று ஒரு பன்னாட்டு ஆய்வு சோதித்துப் பார்த்தது. 2018-ல் முடிவு வந்தது. மெரோபெனம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 சதவீதம், மற்றதைப் பெற்றவர்களில் 12.3 சதவீதம். வருங்கால நோயாளிக்காகச் சேமிப்பது என்ற பெயரில் இன்றைய நோயாளியைக் கைவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. உயிர் ஊசலாடும் நேரத்தில் தேவையான மருந்தைத் தயங்காமல் கொடுப்பது விழிப்பின் ஒரு பகுதி. வருங்கால நோயாளிக்கு உரிய பங்கு அந்த நேரத்தில் இல்லை. அது, வடிகாலைத் தள்ளிப்போடாததில் இருக்கிறது. கல்ச்சர் அனுப்புவதில், முடிவு வந்ததும் தேவையில்லாத மருந்தை நிறுத்துவதில், கை கழுவுவதில் இருக்கிறது. இவற்றில் ஒன்றுகூட இன்றைய நோயாளிக்குப் பாதகம் அல்ல. பெரும்பாலானவை அவருக்கே நன்மை. இருவருடைய நலனும் மோதுவதாக நாம் நினைக்கும் இடங்களில் பெரும்பாலும் மோதுவது நோயாளியின் நலனும் மற்றவர்களின் சிரமமும்தான்.

அடுத்த மறுப்பு என்னை அதிகம் உலுக்குவது. எண்டோஸ்கோபி வசதியும் ஆய்வகமும் உள்ள பெரிய மருத்துவமனைக்கு இதையெல்லாம் சொல்லலாம். அவை இல்லாத ஊரில், நூறு கிலோமீட்டர் தள்ளி அனுப்பும்வரை கையில் இருக்கும் ஊசியைப் போடுவதைத் தவிர அந்த மருத்துவர் என்ன செய்வார்? கைக்கு எட்டாததைச் செய்யவில்லை என்று அவரைக் கொலையாளி ஆக்குவது இரக்கமற்ற வேலை. உண்மை. அவர் பார்க்க முடிந்ததைப் பார்த்தார். அவர்மேல் வினை ஒட்டாது. ஆனால் வினை அங்கே காணாமல் போவதில்லை. பார்க்க முடிந்தும் பார்க்காதவரைத் தேடிக்கொண்டு மேலே போகிறது. 2010-ல் லான்செட் தொற்றுநோய் இதழில், மெரோபெனத்தையும் சிதைக்கும் என்.டி.எம்-1 என்ற நொதியைப் பற்றிய கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னையில் ஆய்வு செய்துகொண்டிருந்தவர். சென்னையிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் எடுத்த கிருமிகள் அதில் இருந்தன. நொதியின் பெயரில் புது தில்லி இருந்ததால் நாடெங்கும் கொதிப்பு. ஒரு ஊரின் பெயரை நோய்க்கிருமியின் தலையில் கட்டுவது சரியில்லை என்ற மனக்குறை நியாயமானதே. ஆனால் அன்று நாம் செலவழித்த கோபத்தில் பெரும் பங்கு பெயர்மேல் போயிற்று, மரபணுமேல் போகவில்லை. மறு ஆண்டு தில்லியில் எடுத்த குடிநீர் மாதிரிகள் 50-ல் 2-லும், தேங்கிக் கிடந்த கசிவுநீர் மாதிரிகள் 171-ல் 51-லும் அந்த மரபணு இருப்பதாக இன்னோர் ஆய்வு காட்டியது. 2012-ல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டன. 2014 மார்ச்சில் மருந்து விற்பனை விதிகளின் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து, மெரோபெனம் சேர்ந்த கார்பபெனெம் வகை உள்ளிட்ட மருந்துகளை விற்கும் கடை, மருத்துவர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றானது. பதிவேடு நல்லதுதான். ஆனால் மாவட்டந்தோறும் கல்ச்சர் பார்க்கும் ஆய்வகமும், பித்தநாளத்தைத் திறக்கத் தெரிந்த கையும், கழிவுநீர் கலக்காத குடிநீரும் தராத அரசு, பதிவேட்டைக் காட்டித் தன் கணக்கை நேர்செய்துகொள்ள முடியாது.

எதிர்ப்புத் திறன் மனிதர்கள் கொண்டுவந்தது அல்லவே, அது இயற்கை என்றும் சிலர் சொல்வார்கள். கனடாவின் 30,000 ஆண்டுப் பழைய உறைமண்ணிலேயே இந்த மரபணுக்கள் இருந்ததை 2011-ல் கண்டார்கள் என்பது உண்மைதான். இருப்பது வேறு, அவற்றையே பிழைக்க வைத்துப் பெருக்குவது வேறு. கோழித் தீவனத்தில் கலக்கப்படும் ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிட்டால் பித்தநாள நோயாளிக்கு ஏற்றுவது ஒரு துளி என்பதும் சரி. 2019-ல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் சேர்க்க இந்தியா தடை விதித்தபோது அந்தப் பெரிய கவனமின்மையில் ஒரு பகுதி நின்றது. அதற்காக ஐ.சி.யூ.வில் நடக்கும் கவனமின்மை கணக்கில் வராது என்று ஆகிவிடாது. கோழி வளர்ப்பில் தீங்குக்குக் காரணம் லாபம் என்று சுலபமாகக் காட்டிவிடலாம். நல்லெண்ணம் மட்டுமே இருக்கிற இடத்திலும் தீங்கு எப்படி விளைகிறது என்பதைப் பித்தநாளம்தான் காட்டுகிறது. அதனாலேயே இந்தச் சிறு துளியை எடுத்துக்கொண்டேன்.

ஃபிளெமிங்கின் கதைக்கு மறுபடி தீர்ப்பு எழுதினால், அந்தக் கணவரை நான் விடுவித்துவிடுவேன். 1945-ல் அவருக்கு இதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை. இன்று அதே மாதிரி மருந்து வாங்கிச் சாப்பிடும் கூலித் தொழிலாளியையும் பெரும்பாலும் விடுவிப்பேன். தெரிந்தவர்களை விடுவிக்க வழியில்லை. தெரிந்தவர்களின் எண்ணிக்கை இப்போது மிகப் பெரிது. அவர்களுக்குச் சமணம் ஒரு கடமையையும் வைத்திருக்கிறது. காலையும் மாலையும் அமர்ந்து, தெரிந்தும் தெரியாமலும் எந்த உயிருக்குத் தீங்கு நேர்ந்திருக்கும் என்று அன்றைய நடையைத் திரும்பிப் பார்க்கும் பிரதிக்கிரமணம் அது. இதில் நடந்துபோனதற்கு வருந்துவதோடு வேலை முடிவதில்லை, நடையைத் திருத்திக்கொண்டு திரும்பி வர வேண்டும். மருத்துவமனையில் இதற்கான நேரம், கல்ச்சர் முடிவு வரும் இரண்டாம் மூன்றாம் நாள். முதல் நாள் கிருமி எதுவென்று தெரியாமல் மெரோபெனம் ஏற்றியது சரிதான். மூன்றாம் நாள் வந்த தாளில், செஃப்ட்ரியாக்சோன் என்ற எளிய ஆன்டிபயாடிக்குக்கே அடங்கும் ஈ.கோலை என்று இருந்தால், மெரோபெனத்தை நிறுத்தி மருந்தை மாற்றி எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்தத் தாள் கேஸ் ஷீட்டில் செருகப்பட்டு, யாரும் புரட்டாமல் ஏழாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனால், நான்கு நாள் மெரோபெனம் யாருக்காக ஏறியது என்று கேட்க வேண்டிய இடம் அதுதான். கேட்க வேண்டியவர் அந்தத் தாளைப் புரட்டியிருக்க வேண்டியவரே.